இமாம்பசந்த் மரத்தில் எந்தக் கிளையை வெட்டுவது? அவசரமாக ஆலோசனை வேண்டும்

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு இமாம்பசந்த் ஒட்டு மா இருக்கிறது. மாமனார் வைத்தது, இருபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் இருந்தவரை வருடம் தவறாமல் அடியில் கொத்திவிட்டு எரு போடுவார், காய்ந்த குச்சிகளை எடுத்துவிடுவார். அவர் காலமான பிறகு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். குடியிருந்தவர்கள் மரத்தடியை மண் போட்டு உயர்த்தி, துணி துவைக்க சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்கள். மரத்தை யாரும் தொட்டதில்லை. இந்த வருடம் சித்திரையில்தான் நாங்கள் திரும்பி வந்தோம்.

இப்போது மரம் எப்படி இருக்கிறது என்றால், தளத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்திலேயே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேராக மேலே போய் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி நிற்கிறது. இலை அடர்த்தி, பார்க்க ஆரோக்கியம். இன்னொன்று மேற்கே மதில் மேல் சாய்ந்து, பாதிக் கொம்பு காய்ந்து, இரண்டு மூன்று இடத்தில் புல்லுருவி பிடித்துப் பரிதாபமாக இருக்கிறது.

நேர்க்கிளையில் இந்த முறை கொத்துக் கொத்தாகக் காய். ஆனால் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய அளவுதான். பழுத்தால் ஒரே நார், கொட்டையை ஒட்டிப் புளிப்பு. சாய்ந்த கிளையில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் காய்த்தது. ஆனால் அதுதான் மாமனார் கொடுத்த பழம். பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும், மெல்லிய தோல், உள்ளே நாரே கிடையாது.

மரம் வெட்டுகிறவர் வந்து பார்த்துவிட்டு, "மரத்துக்கு வயசாகி ரகம் மாறிப்போச்சு. சாய்ஞ்சதை அடியோட எடுத்துட்டு, நேரா இருக்கிறதை மாடி உயரத்துக்கு மொட்டை அடிச்சிடலாம், நல்லாத் தழையும்" என்கிறார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களும் சருகு விழுகிறது என்று வருத்தப்படுகிறார்கள், அதனால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். அவர் சொல்வது சரியா? பராமரிக்காமல் விட்டால் ரகம் மாறுமா? மாமனார் கையால் வைத்த மரம். தெரியாமல் எதையாவது செய்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

மாடித்தோட்டம்:

சகோதரி, எனக்கு மா பற்றி அதிகம் தெரியாது. ஆனால் ஒட்டு ரோஜாவில் இதே கதையைப் பார்த்திருக்கிறேன். ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு குச்சி கிளம்பும். இலையே வேறு மாதிரி இருக்கும். விட்டால் அதுதான் செடியாகும், நாம் வாங்கிய ரோஜா காணாமல் போகும். இங்கே ஒட்டு வேலை தெரிந்த ஒட்டுக்கத்தி ஐயா உங்கள் பதிவைப் பார்க்கும்வரை மரம் வெட்டுகிறவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்களேன்.

ஒட்டுக்கத்தி:

அம்மா, முதலில் அவருக்குப் போன் செய்து நிறுத்துங்கள். அவர் அடியோடு எடுக்கச் சொல்கிற சாய்ந்த கிளைதான் உங்கள் இமாம்பசந்த். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாட்டு மா. பிறகு எவ்வளவு எரு போட்டாலும் உங்கள் மாமனாரின் பழம் திரும்ப வராது.

ரகம் மாறவே மாறாது. வயதானால் காய்ப்பு குறையும், காய் சிறுக்கும், நோய் வரும். ஆனால் நாரில்லாத பழம் நார்ப் பழமாகாது. ஒரே மரத்தில் இரண்டு விதப் பழம் என்றால் அது இரண்டு மரம் என்றுதான் அர்த்தம். நான் போச்சம்பள்ளிப் பக்கம் சந்தூரில் நர்சரி வேலை பார்த்தவன், ஒட்டுக் கட்டியே வளர்ந்தவன். என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன்.

மாங்கொட்டையை முளைக்கப் போட்டு வளர்க்கிற கன்றை வேர்ச்செடி என்போம். அதற்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டு மாங்கொட்டைதான். அந்தக் காலத்தில் நெருக்கு ஒட்டு அதிகம். வேர்ச்செடியைத் தொட்டியோடு, நமக்கு வேண்டிய ரகத்துத் தாய் மரத்தின் கிளைக்குப் பக்கத்தில் கட்டி வைத்து, இரண்டிலும் பட்டையைச் சீவி, சேர்த்துக் கட்டிவிடுவோம். ஒட்டு பிடித்ததும் வேர்ச்செடியின் தலையை ஒட்டுக்கு மேலேயும், தாய்க் கிளையை ஒட்டுக்குக் கீழேயும் வெட்டுவோம். அப்படியென்றால் ஒட்டுக்குக் கீழே இருக்கிற தண்டும் வேரும் நாட்டு மாவேதான், எத்தனை வருடமானாலும். அந்தத் தண்டில் தூங்குகிற மொட்டுகள் இருக்கும். மேலே இருக்கிற ஒட்டு சோர்ந்தாலோ, அடியில் காயம் பட்டாலோ, அவை முளைத்துக் கிளம்பும். உங்கள் மாமனார் அடியைக் கொத்தும்போது அந்தத் தளிரையெல்லாம் கிள்ளிப் போட்டிருப்பார், அதனால்தான் மரம் ஒழுங்காக இருந்தது. அவருக்குப் பிறகு கிள்ள ஆளில்லை. வேருக்குச் சொந்தக்கார தளிர், ஒட்டில் தடை இல்லாமல் நீரும் சத்தும் நேராக ஏறும், அதுதான் மாடியைத் தாண்டிப் போயிருக்கிறது. நிழல் விழுந்து இமாம்பசந்த் கிளை வெளிச்சம் தேடி மேற்கே சாய்ந்துவிட்டது.

வெட்டுவதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது.

சிமெண்ட் தளத்தை மரத்தைச் சுற்றி மூன்று அடிக்காவது உடைத்து எடுங்கள். கடப்பாரை பட்டையில் பட்டுவிடாமல், மரத்துக்குப் பக்கத்தில் உளியும் கையுமாகவே வேலை நடக்கட்டும். மேலே கொட்டிய மண்ணையும் பழைய தரைமட்டம் வரை எடுங்கள். அடிமரம் மண்ணுக்குள் புதைந்து கிடந்தால் பட்டை அழுகும், தளிரும் அங்கிருந்துதான் வெடிக்கும். மண் எடுத்த பிறகு சாய்ந்த கிளையின் அடியைத் தடவிப் பாருங்கள். ஒட்டு இருந்த இடத்தில் ஒரு புடைப்போ, சாய்வான தழும்போ இருக்கும். அதற்கு மேலும் கீழும் பட்டையின் சொரசொரப்பு வேறாக இருக்கும். எல்லா மரத்திலும் பளிச்சென்று தெரியாது. பழைய மரத்தில் கண்ணைவிடக் கை நன்றாகக் கண்டுபிடிக்கும்.

அடுத்தது அடையாளம் கட்டுவது. மேலே போனால் இரண்டு பக்கக் கொம்பும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும், அங்கே நின்று பார்த்தால் எது எதுவென்று தெரியாது. அடியிலிருந்து ஒவ்வொரு கிளையாகப் பின்தொடர்ந்து போய், இமாம்பசந்த் கொம்புக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டுங்கள். சந்தேகம் வந்தால் இரண்டு பக்கமும் இலையைக் கசக்கி மோந்து பாருங்கள்; இலையின் நீளம் அகலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழைக்குப் பிறகு வரும் கொழுந்தின் நிறமும் ரகத்துக்கு ரகம் மாறும். துணி கட்டிய கிளையில் கத்தி வைக்கக் கூடாது என்று வெட்டுகிறவரிடம் சொல்லிவிட்டால் போதும். நீங்களும் கூடவே நில்லுங்கள்.

இனி வெட்டு. மா பூப்பது முற்றிய கொம்பின் நுனியில். மார்கழி, தை பனியில் நுனி மொட்டு பூவாக மாற வேண்டுமென்றால் அந்தக் கொம்பு அதற்குள் முற்றியிருக்க வேண்டும். அதனால்தான் அறுவடை முடிந்த கையோடு கவாத்து செய்கிறோம், அதாவது கிளைகளைக் கழிக்கிறோம். பெரிய மரங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதும் ஆகஸ்ட், செப்டம்பரில், மூன்று வருடத்துக்கு ஒரு முறை உள்கிளைகளை எடுப்பது. உங்கள் ஊரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வெட்டுக்காயம் ஈரத்தில் அழுகும். ஐப்பசிக்குப் பிறகு வெட்டினால் பூ வர வேண்டிய நேரத்தில் கொழுந்துதான் வரும். ஆடிக் காற்று தணிந்ததும் தொடங்கி புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். அதுவரை சாய்ந்த கிளைக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுங்கள். கழியின் தலையில் பழைய சாக்கைச் சுற்றிவிட்டால் பட்டை தேயாது.

நேர்க்கிளையை இந்த வருடமே அடியோடு எடுக்க வேண்டாம். மரத்தின் இலையில் பெரும்பகுதி இப்போது அதில்தான் இருக்கிறது. வேருக்குச் சாப்பாடு போடுவது அந்த இலைகள்தான். இதுவரை நிழலில் கிடந்த இமாம்பசந்த் பட்டை திடீரென்று வெயிலைப் பார்த்தால் வெந்து வெடிக்கும். இந்த வருடம் நேர்க்கிளையில் இமாம்பசந்தின் மேல் கவிகிற கொம்புகளையும், மாடிக்கு மேல் போன தலையையும் மட்டும் எடுங்கள். எடுப்பது மொத்த இலையில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம். அடுத்த ஆடிக்குப் பிறகு இன்னும் கொஞ்சம். இமாம்பசந்த் தலையெடுத்த பிறகு மிச்சத்தைப் பேசலாம்.

இமாம்பசந்த் கிளையில் காய்ந்ததையும் புல்லுருவியையும் தவிர எதையும் தொடாதீர்கள். காய்ந்த கொம்பை நல்ல மரத்துக்குள் நாலு விரற்கடை இறங்கி வெட்டுங்கள். பட்டையில் ஓட்டையும் அதிலிருந்து மரத்தூளும் பிசினும் வந்தால் தண்டு துளைப்பான் புழு. கம்பியை வளைத்து உள்ளே விட்டுப் புழுவை இழுத்தெடுத்துவிட்டு ஓட்டையைக் களிமண்ணால் அடையுங்கள்.

தடித்த கிளையை அரிவாளால் வெட்டவிடாதீர்கள், ரம்பம்தான். முதல் வெட்டு கிளையின் கீழ்ப்பக்கம், அடியிலிருந்து ஒரு அடி தள்ளி, மூன்றில் ஒரு பங்கு ஆழம். இரண்டாவது அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து. கிளை பட்டையை உரிக்காமல் விழும். மிச்சமுள்ள முண்டுக் கட்டையை மூன்றாவது வெட்டில், கிளை மரத்தோடு சேர்கிற அந்த மோதிரம் போன்ற மேட்டுக்கு வெளியே ஒட்டினாற்போல் எடுக்க வேண்டும். மேட்டை வெட்டினால் காயம் மூடாது. முண்டு விட்டால் அது காய்ந்து உள்ளே வரை அழுகும். மாம்பால் பட்டால் தோல் வெந்து புண்ணாகும், முழுக்கைச் சட்டையோடு ஏறச் சொல்லுங்கள். முசுறு எறும்புக் கூடு இருந்தால் முதல் நாளே பார்த்துவையுங்கள். மின்கம்பி பக்கம் போகும் கொம்பு இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும்.

மொட்டை அடிப்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், அம்மா. ஒரே மட்டத்தில் தலையை வெட்டினால் வெட்டிய இடத்தில் கொத்தாகப் போத்து கிளம்பும். வெளியிலிருந்து பார்க்கத் தழைத்த மாதிரி இருக்கும். உள்ளே காற்றும் வெளிச்சமும் போகாது, தத்துப்பூச்சி குடியேறும், பூ கருகும். இரண்டு மூன்று வருடம் காய்ப்பும் போய்விடும்.

ஆயக்குடித்தோப்பு:

ஒட்டுக்கத்தி அண்ணே சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. நாட்டுக்கிளையை எதற்கு வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? எங்கள் தோப்பில் ஒட்டுக்குக் கீழே கிளம்பியது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே எடுத்துவிடுவோம். வேரிலிருந்து வருகிற நீர் முழுக்க ஒட்டுக்குப் போக வேண்டும். இவர்கள் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தால் அது மறுபடி தழைத்துக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம், புல்லுருவியைப் பிடுங்கிப் போட்டால் போகாது. அதன் வேர் கிளைக்குள் ஓடியிருக்கும். அது ஒட்டியிருக்கிற இடத்துக்கு ஒரு அடி உள்பக்கமாகக் கொம்பையே வெட்ட வேண்டும். அது காய்த்துப் பழுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பூக்கொத்திக் குருவி அந்தப் பழத்தைத் தின்று, பசையோடு கூடிய விதையை அடுத்த கொம்பில் தேய்த்துவிட்டுப் போகும். பக்கத்து வீட்டு மரத்திலும் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், இல்லையென்றால் திரும்ப வரும்.

ஒட்டுக்கத்தி:

தம்பி சொல்வது தோப்புக்கு முழுக்கச் சரி. விரல் தடிமனில் கிளம்பும்போதே எடுப்பதுதான் முறை, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் இது தொடை தடிமனுக்கு வந்துவிட்டது. தரையோடு ஒட்டி அவ்வளவு பெரிய காயம், அதுவும் ஒட்டுக்கு ஒரு சாண் பக்கத்தில். மழையில் அது அழுகினால் அழுகல் நேராக ஒட்டுக்கே போகும். தோப்பில் நூறு மரத்தில் ஒன்று போனால் பரவாயில்லை. இவர்களிடம் இருப்பது ஒன்று.

திரும்பத் தழைக்கும் என்பது நிஜம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. நாட்டுக்கிளையிலேயே இமாம்பசந்த் ஒட்டிவிடலாம். இமாம்பசந்த் தலையெடுத்த பிறகு அந்தக் கிளையை நெஞ்சு உயரத்தில் வெட்டி, வெட்டுக்குக் கீழே வரும் தளிர்களில் நன்றாகத் தள்ளித் தள்ளி நிற்பதை மட்டும் நாலைந்து வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். அந்தத் தளிர் பென்சில் தடிமனுக்கு வந்ததும், அதே மரத்து இமாம்பசந்த் கொம்பிலிருந்து அதே தடிமனில் ஒரு சாண் நீளக் குச்சி எடுத்து ஒட்டலாம். குச்சி எடுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் இலையைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிட்டால் நுனி மொட்டு புடைத்து நிற்கும். தளிரின் தலையை வெட்டி நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு போல் இரண்டு பக்கமும் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே ஐஸ் குச்சிக் கவரை மாட்டிவிட வேண்டும். ஈரக்காற்று இருக்கிற பருவத்தில் நன்றாகப் பிடிக்கும். கொழுந்து வந்ததும் கவரை எடுத்துவிடலாம். வேரும் பிழைக்கும், காயமும் கீழே இருக்காது, மரம் முழுக்க ஒரே ரகமாகும்.

இதற்குப் பழகிய கை வேண்டும். பக்கத்து அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் கேட்டால் ஒட்டுக் கட்டுகிறவர்களைக் காட்டுவார்கள்.

காவிரிக்கரை:

ஐயா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவரை வர வேண்டாம் என்று அன்று இரவே சொல்லிவிட்டேன். நேற்று தளத்தை உடைத்து மண்ணெல்லாம் எடுத்தோம். சாய்ந்த கிளையின் அடியில், பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே, நீங்கள் சொன்ன மாதிரியே சாய்வாக ஒரு புடைப்பு இருக்கிறது. அதற்கு மேலே பட்டை வழவழப்பு, கீழே வெடிப்பு வெடிப்பாக இருக்கிறது. நேர்க்கிளை அந்தப் புடைப்புக்குக் கீழே இருந்துதான் கிளம்புகிறது. இவரையும் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். பக்கத்திலேயே இன்னும் சின்னச் சின்னத் தளிர்கள் மண்ணுக்குள் வெளுத்துக் கிடந்தன.

இன்னும் மூன்று சந்தேகம். அந்தத் தளிர்களை என்ன செய்வது? வெட்டிய இடத்தில் என்ன பூசுவது? பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார்கள். அப்புறம், அடுத்த கோடையில் பழம் எதிர்பார்க்கலாமா? மாமியாருக்கு ஒரு பழமாவது கொடுக்க வேண்டும் என்று ஆசை.

ஒட்டுக்கத்தி:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அந்தத் தளிர்களைக் கத்தரிக்காதீர்கள், கையால் அடியோடு பிய்த்துவிடுங்கள். கத்தரித்தால் அடி மொட்டு தங்கி இரண்டாகக் கிளம்பும். இனிமேல் மாதம் ஒருமுறை அந்த இடத்தைப் பாருங்கள், நகத்தால் கிள்ளுகிற பருவத்திலேயே எடுத்துவிட்டால் வேலையே இல்லை.

பெயிண்ட் வேண்டாம், போர்டோ பசை தடவுங்கள். ஒரு லிட்டருக்குக் கணக்கு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், நல்ல சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். அரை லிட்டர் தண்ணீரில் துத்தத்தையும், இன்னொரு அரை லிட்டரில் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து வடிகட்டி, பிறகு சுண்ணாம்பில் துத்தத்தை ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானைதான், இரும்பு கூடவே கூடாது. கலந்த பிறகு ஒரு பழைய இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றன்று கலக்கி அன்றே தூரிகையால் தடவிவிட வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் வேலை செய்யாது. சாய்ந்த கிளையில் வெயில் படுகிற மேல்பக்கத்துக்கு வெறும் சுண்ணாம்புப் பூச்சு போதும்.

வெட்டு முடிந்து நல்ல மழை ஒன்று பெய்ததும் எரு வையுங்கள். பெரிய மரத்துக்கு மக்கிய தொழு உரம் 50 கிலோ என்பது கணக்கு. மரத்தை ஒட்டிப் போடாமல், இரண்டு மூன்று அடி தள்ளி, கிளை விரிந்திருக்கிற எல்லை வரை வட்டமாகப் போட்டு லேசாகக் கொத்திவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; அந்த நேரம் மரம் கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும். பட்டாணி அளவுக்குப் பிஞ்சு பிடித்ததும் மறுபடி ஊற்றலாம்.

அடுத்த கோடையைப் பற்றி: இமாம்பசந்த் சாதாரணமாகவே கஞ்சமாகக் காய்க்கிற ரகம், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் குறையவும் செய்யும். உங்கள் கிளை சோர்ந்தும் இருக்கிறது. ஆனால் அதில் காய்ந்துபோகாமல் பச்சையாக இருக்கிற பக்கத்துக் கொம்பின் நுனியை நீங்கள் யாரும் தொடப்போவதில்லை, வெளிச்சமும் வரப்போகிறது. அந்த நுனியில் பூ வர வழி இருக்கிறது. மாமியாருக்கு ஒரு பழம் நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் கேட்டால் "வரும்" என்றே சொல்லுங்கள். நிறையப் பூத்தால் கிளை தாங்குகிற அளவுக்கு மட்டும் பிஞ்சை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள், முட்டுக் கொடுத்த சவுக்குக் கழியையும் சித்திரை வரை எடுக்க வேண்டாம்.

ஆயக்குடித்தோப்பு:

அண்ணே சொன்ன ஒட்டு யோசனை நல்ல யோசனை, என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அக்கா, பிறகு ஒட்டுக்குக் குச்சி எடுக்கும்போது, பழுத்த பழத்தை ஏற்கெனவே பார்த்த கொம்பிலிருந்தே எடுங்கள். இந்த வைகாசியில் எந்தக் கொம்பில் பழம் இருந்தது என்று இப்போதே ஞாபகம் இருக்கும்போது அந்தச் சிவப்புத் துணியில் இன்னொரு முடிச்சுப் போட்டுவையுங்கள்.